தமிழ் மட்டும் ஏன் நின்று நின்று போனது? மூன்று மொழி கற்கும் ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவர் முப்பதுகளின் நடுவில் இருக்கும் ஒரு பெண். மென்பொருள் வேலை. படித்தது ஆங்கிலத்தில், யோசிப்பதும் ஆங்கிலத்தில். வேலைக்காக ஜெர்மன், ஆசைக்காக ஜப்பானியம், வீட்டு மொழி என்பதால் தமிழ் என்று மூன்றையும் ஒரே காலத்தில் கற்றுக்கொண்டிருந்தார். என்னிடம் வந்தபோது ஜெர்மனில் பி2 சான்றிதழ் (ஆறு நிலைகளில் நான்காவது) வைத்திருந்தார். ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியில் என்4 நிலையை (என்5இல் தொடங்கி என்1 வரை ஏறும் ஐந்து நிலைகளில் இரண்டாவது) தாண்டியிருந்தார். தமிழில் ஒரு முழு வாக்கியத்தைத் தயங்காமல் சொல்லி முடிக்க அவரால் முடியவில்லை.

தமிழைத் தொடங்காமல் இல்லை. புத்தகம் வாங்குவார், ஆன்லைன் வகுப்பில் சேருவார், சில வாரம் நன்றாகப் போகும், அப்புறம் நின்றுவிடும். கொஞ்ச நாள் கழித்துக் குற்றவுணர்ச்சியோடு மறுபடி தொடங்குவார். மறுபடி நிற்கும். மற்ற இரண்டு மொழிகளில் இப்படி நடந்ததே இல்லை. ஆகவே ‘எனக்கு ஒழுக்கம் போதாது’ என்ற வழக்கமான விளக்கம் இவருக்குப் பொருந்தவில்லை. அதே ஆள், அதே காலை நேரம், அதே மேசை. ஒன்று மட்டும் ஏன் ஓடவில்லை என்பதுதான் கேள்வி.

வயது வந்தோர் மொழி கற்பதற்கு வழிகாட்டுவது என் வேலை. இதே சிக்கலோடு நிறையப் பேர் வருகிறார்கள். இவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

பள்ளியில் சேரும்வரை இவருக்குத் தமிழ் மட்டும்தான். அதன் பிறகு பெற்றோர் தமிழில் கேட்பார்கள், இவர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். யாரும் அதைத் தடுக்கவில்லை, கவனிக்கக்கூட இல்லை. வீட்டில் பாட்டி இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் காதில் தமிழ் விழுந்துகொண்டே இருந்தது. வாய் மட்டும் படிப்படியாக விலகிப்போனது.

மரபு மொழி பேசுபவர் யார் என்பதற்குக் குவாடலூப் வால்டெஸ் தந்த வரையறையைத்தான் இந்தத் துறையில் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கச் சூழலை வைத்துச் சொன்னது அது: ஆங்கிலம் அல்லாத மொழி பேசும் வீட்டில் வளர்ந்து, அந்த மொழியைப் பேசவோ, குறைந்தபட்சம் புரிந்துகொள்ளவோ முடிகிறவர். ‘குறைந்தபட்சம் புரிந்துகொள்ளவோ’ என்ற அந்த விளிம்பில்தான் இவர் நின்றார். தன்னை ‘தமிழ் தெரியாதவள்’ என்றே அறிமுகப்படுத்திக்கொண்டார். ஆனால் பேச்சுத் தமிழில் இருந்த ஓர் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொல்லச் சொன்னேன். கிண்டல் தொனி உட்பட எல்லாவற்றையும் பிடித்துச் சொல்லிவிட்டார். ஒன்றும் தெரியாதவரால் இது முடியாது.

ஒரு மணி நேரத்தைப் பங்கு போட்ட கதை

தினமும் காலை ஒரு மணி நேரம் மொழிகளுக்கு. மூன்றுக்கும் சமமாக இருபது இருபது நிமிடம். பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. இதன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஃபாரின் சர்வீஸ் இன்ஸ்டிடியூட், ஆங்கிலம் பேசுகிற ஒருவர் தூதரக வேலை செய்யும் அளவுக்கு ஒரு மொழியில் தேற எவ்வளவு வகுப்பு நேரம் ஆகும் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. ஜப்பானியத்துக்குச் சுமார் 2,200 மணி நேரம். தமிழுக்குச் சுமார் 1,100. தினம் இருபது நிமிடம் என்றால் ஆண்டுக்கு 120 மணி நேரம் சொச்சம். அந்த வேகத்தில் ஜப்பானியத்துக்குப் பதினெட்டு ஆண்டு, தமிழுக்கு ஒன்பது ஆண்டு. அந்தப் பட்டியல் முழு நேரமும் உட்கார்ந்து படிக்கிற தூதரக அதிகாரிகளுக்கானது, எல்லாருக்கும் அவ்வளவு உயரம் தேவையுமில்லை. இருந்தாலும் இருபது நிமிடப் பங்கீட்டில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது என்பது மட்டும் உறுதி. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வருடக்கணக்கில் செய்ய மனித மனம் ஒத்துக்கொள்வதில்லை.

ஜெர்மனும் ஜப்பானியமும் இதில் எப்படித் தப்பித்தன? ஜெர்மனுக்கு அலுவலகம் இருந்தது. கூட்டங்கள், மின்னஞ்சல்கள் எல்லாம் அந்த மொழியில்தான், ஆகவே இருபது நிமிடம் என்பது பெயருக்குத்தான். ஜப்பானியத்தை இவர் பிரியப்பட்டுக் கற்றார், ராத்திரி படுக்கையிலும் ஏதாவது படித்துக்கொண்டிருப்பார். தமிழுக்கு மட்டும்தான் அந்த இருபது நிமிடம் உண்மையாகவே இருபது நிமிடமாக இருந்தது. அதுவும் கடைசி இருபது நிமிடம்.

இதோடு இன்னொரு சங்கடம். இவர் பயன்படுத்திய செயலியில் ஒரு நாள் விட்டால் ஸ்ட்ரீக் எண், அதாவது விடாமல் படித்த நாட்களின் எண்ணிக்கை, சுழியத்துக்குப் போய்விடும். விட்டது எப்போதும் தமிழாகவே இருந்ததால் அதன் எண் மட்டும் அடிக்கடி சுழியத்தில் நின்றது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஒரு செயல் பழக்கமாக ஊறுவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆகிறது, ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18இல் இருந்து 254 வரை மாறுகிறது என்று அதில் கண்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறுவது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் கெடுப்பதில்லை என்பதும் அதில் தெரியவந்தது. ஆக, ஸ்ட்ரீக் எண் சொல்கிற செய்தி பொய். ஒரு நாள் விட்டதால் எதுவும் சுழியத்துக்குப் போவதில்லை. இதைச் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆனால் நேரமும் ஸ்ட்ரீக்கும் மட்டும் காரணமாக இருந்திருந்தால் பாடம் மந்தமாகப் போயிருக்குமே தவிர நின்றிருக்காது. ஒவ்வொரு முறையும் தமிழ் நிற்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

நின்ற இடங்கள்

ஒரு முறை பாட்டிக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். புத்தகத்தில் படித்ததைத் தைரியமாகப் பயன்படுத்தி, “நான் இப்பொழுது வேலைக்குச் சென்றுகொண்டிருக்கிறேன் பாட்டி” என்று சொல்லியிருக்கிறார். பாட்டி பிரியமாகத்தான் சிரித்தார்: “என்ன கண்ணு, நியூஸ் வாசிக்கிறவ மாதிரி பேசுற!” பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை, அவ்வளவுதான். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கும்போது புத்தகம் ஒன்றைக் கற்பிக்கிறது, உறவு இன்னொன்றை எதிர்பார்க்கிறது. தமிழை முதலிலிருந்து கற்கும் வெளிநாட்டவருக்கு இதே வாக்கியத்துக்குக் கைதட்டல் கிடைத்திருக்கும்.

இன்னொரு முறை பெரியப்பாவிடம், “நீ எப்ப வருவ?” என்று கேட்டுவிட்டார். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு நொடி மௌனத்தில் தான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோம் என்று இவருக்குப் புரிந்துவிட்டது. இவர் காதில் விழுந்த தமிழ் முழுக்கக் குழந்தையைப் பார்த்துப் பெரியவர்கள் பேசிய தமிழ். அதில் ‘நீ’, ‘வா’, ‘போ’, ‘சாப்பிடு’ உண்டு. ‘நீங்க’, ‘வாங்க’ எல்லாம் தன்னைத் தாண்டி யாருக்கோ போகும் சொற்கள். மரியாதை தெரியாதவர் இல்லை அவர், அதற்கான வினைமுற்று வாய்க்கு வந்து பழகவில்லை. அந்த அழைப்புக்குப் பிறகு பெரியவர்களிடம் தமிழில் வாய் திறப்பதையே தவிர்த்தார்.

மூன்றாவது, மொழிகள் ஒன்றில் ஒன்று குறுக்கிட்டது. தமிழில் ஒரு சொல் தேடும்போது ஆங்கிலம் வராமல் ஜெர்மன் வந்து விழுந்திருக்கிறது. ‘ஆனால்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஆபர்’. “என் மூளையில் தமிழுக்கு இடமே இல்லை, ஜெர்மன் உட்கார்ந்துவிட்டது” என்று ஆங்கிலத்தில் வருத்தப்பட்டார். இது பல மொழி கற்பவர்களுக்குச் சர்வ சாதாரணம். சாரா வில்லியம்ஸ், பியோர்ன் ஹம்மர்பெரி இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட வில்லியம்ஸ், ஜெர்மனை நன்றாகப் பேசிய பிறகு ஸ்வீடிஷ் கற்றார். கற்கும்போது பதிவு செய்த தன் உரையாடல்களையே ஆய்வுக்குக் கொடுத்தார். ஸ்வீடிஷ் சொல் கிடைக்காத இடத்தை நிரப்ப அவருக்குத் தாய்மொழியைவிட ஜெர்மன்தான் அதிகம் கைகொடுத்தது. ‘வேற்று மொழி பேசும் நேரம்’ என்று மனம் முடிவு செய்தவுடன் பின்னால் கற்ற மொழிகள் முன்னே வருகின்றன. இவருக்கு ‘ஆபர்’ வந்ததும் அப்படித்தான். ஆனால் இதில் நான் கவனித்த இன்னொன்று உண்டு. பாட்டி பேசுவதைக் கேட்கும்போது இவருக்கு ஜெர்மன் எட்டிக்கூடப் பார்க்காது. புத்தகத்தை வைத்து வாக்கியம் கட்டும்போது மட்டும்தான் வரும். அதாவது, வீட்டு மொழியை அவர் ஒரு வெளிமொழியைப் போலக் கற்க முயன்றபோது மூளையும் அதை வெளிமொழிகளோடு சேர்த்துவிட்டது.

காதுக்கு ஒரு வயது, வாய்க்கு ஒரு வயது

கவுன்சில் ஆஃப் யூரோப் அமைப்பு 2001இல் வெளியிட்ட பொது மொழிச் சட்டகத்தில் தன்னைத் தானே மதிப்பிடும் ஓர் அட்டவணை இருக்கிறது. கேட்டல், வாசித்தல், உரையாடல், தொடர்ந்து பேசுதல், எழுதுதல் என்று ஐந்து வரிசை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தொடக்க நிலையான ஏ1 முதல் உச்ச நிலையான சி2 வரை. மூன்று மொழிக்கும் அதை நிரப்பச் சொன்னேன்.

ஜெர்மன் கிட்டத்தட்ட நேர்கோடு. ஜப்பானியத்தில் வாசித்தல் சற்று உயரம், மற்றபடி சமம். தமிழில் கேட்டல் பி2, உரையாடல் ஏ1, வாசித்தல் எழுத்துக் கூட்டும் நிலை, எழுதுதல் வெற்றிடம். காது வளர்ந்த பெண்ணுடையது, வாய் ஐந்து வயதுக் குழந்தையுடையது. இப்படிப்பட்டவர் எந்த வகுப்பில் உட்கார்வார்? தொடக்க வகுப்பில் ‘இது என்ன? இது மரம்’ என்று போகும்போது சலிப்பு. அடுத்த நிலை வகுப்பில் எல்லாரும் வாசிக்கும்போது வெட்கம். இரண்டிலும் இவர் இருந்து பார்த்திருக்கிறார், இரண்டிலிருந்தும் நழுவியிருக்கிறார். பெரும்பாலான பாடத்திட்டங்கள் நேர்கோட்டில் வளர்கிறவரை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. மரபு மொழிக்காரர்களை அவை தொடர்ந்து தோற்கடிக்கின்றன. அந்தத் தோல்வியை இவர்கள் தங்கள் குறையாக எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

உச்சரிப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. டெர்ரி ஆவும் சக ஆய்வாளர்களும் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிறுவயதில் ஸ்பானியத்தைக் காதால் மட்டும் கேட்டு வளர்ந்து, பிற்காலத்தில் வகுப்பில் கற்றவர்களையும், அப்படிக் கேட்காமல் வளர்ந்து அதே வகுப்பில் கற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தாரின் உச்சரிப்பு தாய்மொழிக்காரர்களுக்கு நெருக்கமாக இருந்தது. இலக்கணத்தில் அந்த அனுகூலம் தெரியவில்லை. நம் கற்பவருக்கும் இதுதான் நிலை. ழகரம் பிசகாது, வாக்கியத்தின் ஏற்ற இறக்கம் அப்படியே வீட்டுத் தமிழ். இது வரம்தான், ஆனால் பேச்சில் இதுவே எதிராகத் திரும்புகிறது. முதல் இரண்டு சொல்லைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் இவருக்குத் தமிழ் சரளம் என்று முடிவு செய்து வேகமாகப் பேச ஆரம்பிக்கிறார். மூன்றாவது சொல்லில் இவர் தடுமாறும்போது அது திகைப்பாக மாறுகிறது. ஜெர்மனில் இவர் பிழையோடு பேசினாலும் ‘அடடா, எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள்’ என்பார்கள். தமிழில் பிழையில்லாமல் பேசினாலும் சிரிப்பு. பாராட்டு ஒரு பக்கம், சிரிப்பு மறு பக்கம் என்று வருடக்கணக்கில் போனால் எந்த மொழியின் பாடத்தை முதலில் திறப்போம்?

கடனும் கனவும்

மொழி கற்பதற்கான உந்துதல் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ராபர்ட் கார்ட்னர், வாலஸ் லாம்பர்ட் இருவரிடமிருந்து தொடங்குவார்கள். 1959இல் மான்ட்ரியல் மாணவர்களை ஆராய்ந்து, அந்த மொழி பேசும் மக்களோடு நெருங்கும் விருப்பத்தால் கற்பவர், பயன் கருதிக் கற்பவர் என்று அவர்கள் பிரித்தார்கள். இந்தப் பிரிவினையை மட்டும் வைத்துப் பார்த்தால் தமிழ்தான் இவருக்கு மிக எளிதாக ஓடியிருக்க வேண்டும். நெருங்க வேண்டிய மக்கள் சொந்தக் குடும்பமே.

இவருடைய நிலையை எனக்குத் தெளிவாகக் காட்டியது வேறொரு பார்வை. 1987இல் டோரி ஹிக்கின்ஸ் என்ற உளவியலாளர், ‘இப்படி ஆக ஆசைப்படுகிறேன்’ என்ற தன்னுருவையும் ‘இப்படி இருந்தாக வேண்டும்’ என்ற தன்னுருவையும் பிரித்துக் காட்டினார். ஆசைப்பட்ட உருவுக்கும் இப்போதைய நிலைக்கும் இடைவெளி இருந்தால் ஏமாற்றமும் சோர்வும் வரும். இருந்தாக வேண்டிய உருவுக்கும் இப்போதைய நிலைக்கும் இடைவெளி இருந்தால் பதற்றமும் குற்றவுணர்ச்சியும் வரும். ஸோல்டான் டோர்ன்யெய் 2005இல் இந்தக் கருத்தை மொழி கற்றலுக்குக் கொண்டுவந்தார்.

மூன்று மொழிக்கும் ‘இந்த மொழியில் உங்களை எப்படிக் கற்பனை செய்கிறீர்கள்?’ என்று எழுதித் தரச் சொன்னேன். ஜெர்மனுக்குக் காரியம் சார்ந்த பதில்: கூட்டத்தில் யாருடைய உதவியும் இல்லாமல் எதிர்வாதம் செய்ய வேண்டும். ஜப்பானியத்துக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார், ஒரு நாவலை மொழிபெயர்ப்பில்லாமல் படித்துக்கொண்டு ரயிலில் போகும் காட்சி. தமிழுக்கு ஒரே வரி: ‘என் வயதில் உள்ள தமிழ்ப் பெண் எப்படிப் பேசுவாளோ அப்படி.’

அதில் காட்சியே இல்லை, ஒரு கடன் பாக்கி மட்டும்தான் இருந்தது. ஜப்பானியத்தில் இவர் சுழியத்திலிருந்து எண்ணினார், ஒவ்வொரு கான்ஜி எழுத்தும் (சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்த எழுத்து) லாபம். தமிழில் நூறிலிருந்து கீழ்நோக்கி எண்ணினார், தெரியாத ஒவ்வொரு சொல்லும் நஷ்டம். படிக்கப் படிக்கத் தெரியாதவை கூடிக்கொண்டே போயின. அப்படியிருக்கும்போது புத்தகத்தை மூடுவதுதான் நிம்மதி. அவர் தமிழை விட்டதற்கு இதுதான் முதன்மைக் காரணம் என்பது என் முடிவு. நேரப் பற்றாக்குறையெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

செய்தது என்ன

முதல் காரியம், தமிழ்ப் பாடத்தை நிறுத்தச் சொன்னேன். அவர் அதிர்ந்துபோனார். கைவிடச் சொல்லவில்லை, கால அட்டவணையிலிருந்தும் செயலியிலிருந்தும் எடுக்கச் சொன்னேன், அவ்வளவுதான். ஜெர்மனையும் காலை நேரத்திலிருந்து எடுத்துவிட்டோம், அது அலுவலகத்திலேயே வளரட்டும் என்று. காலை ஒரு மணி நேரம் முழுவதும் ஜப்பானியத்துக்கு. ஒரு காலத்தில் ஒரு மொழிக்குத்தான் முதலிடம், மற்றவை உயிரோடு இருந்தால் போதும் என்பது பல மொழி கற்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் ஏற்பாடு. மூன்றையும் ஒரே வேகத்தில் தள்ள நினைப்பவர்கள் களைத்துப்போவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

இதனால் குற்றவுணர்ச்சி குறைந்தது. ஜப்பானியம் வேகம் பிடித்தது. தமிழ் வரவில்லை, வரும் என்று அந்தக் கட்டத்தில் எதிர்பார்க்கவும் இல்லை. தமிழுக்குத் தேவைப்பட்டது ஒரு வேலை. இவரால் மட்டுமே செய்யக்கூடியதாகவும், சிறியதாகவும், திரும்பத் திரும்ப வருவதாகவும் இருக்க வேண்டும். என்ன வேலை என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது அது தானாகவே வந்தது.

பாட்டியை மருத்துவரிடம் அழைத்துப் போவது அம்மாவின் பொறுப்பாக இருந்தது. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு வேலை நேரம் மாறியதால், சில சந்திப்புகளில் இவர் தொலைபேசி வழியாக இணைந்து பாட்டி சொல்வதை மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிவந்தது. பயந்துபோய் என்னிடம் கேட்டார். செய்யச் சொன்னேன், ஒரு நிபந்தனையோடு: மருந்து மாற்றம், சிகிச்சை முடிவு போன்றவை வரும்போது அம்மா லைனில் இருக்க வேண்டும். உடல்நல விஷயத்தில் கற்றுக்கொள்ளும் ஆளின் அரைகுறைப் புரிதலை நம்பி இருக்கக் கூடாது.

முதல் சந்திப்பிலேயே ஒன்று தெரிந்தது. பாட்டி, “கால் கடுக்குதும்மா, விரல் மரத்துப்போகுது, எந்திரிச்சா கிறுகிறுன்னு வருது” என்று அடுக்கினார். இவர் ஒன்றையும் விடாமல் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். இந்தச் சொற்களை எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. சிறுவயதில் பாட்டிக்குப் பக்கத்திலேயே இருந்து கேட்டவை. இவ்வளவு காலம் கணக்கில் வராமலிருந்த காது முதல் முறையாக ஒரு வேலைக்கு உதவியது.

அடுத்தது வாய். மருத்துவர் கேட்பதைப் பாட்டியிடம் கேட்க வேண்டுமே. “எப்ப இருந்து?” “நடக்கும்போதா, உக்காந்திருக்கும்போதா?” “மாத்திரை போட்டதும் குறைஞ்சுதா?” “ராத்திரி தூக்கம் வருதா?” ஏறக்குறைய இதே கேள்விகள்தான் ஒவ்வொரு முறையும் வரும். அவற்றை அம்மாவிடம் கேட்டு, அம்மா சொல்லும் அதே பேச்சு வடிவத்தில் ஒலிப்பதிவு செய்துகொள்ளச் சொன்னேன். எழுத்துத் தமிழுக்கு மாற்றக் கூடாது என்பதை வலியுறுத்தினேன். சில சந்திப்புகளுக்குள் அந்தக் கேள்விகள் யோசிக்காமல் வாயில் வந்தன. பாட்டியிடம் இவர் பிறந்ததிலிருந்து ‘நீ’ என்றுதான் பேசுகிறார், ஆகவே மரியாதை வினைமுற்று என்ற பயமும் அங்கே இல்லை. யாரும் சிரிக்கவில்லை. பாட்டிக்குக் கால் வலி, பதில்தான் வேண்டும், பேத்தியின் இலக்கணத்தைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை.

அப்புறம் நோட்டுப் புத்தகம். பாட்டி தினமும் தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுதி வைப்பார். சந்திப்புக்கு முன் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து இவருக்கு அனுப்புவார்கள். ‘காலை 6 மணி. தலை சுற்றல். மாலை பரவாயில்லை. ஒரு வேளை மாத்திரை போடவில்லை.’ இவ்வளவுதான் இருக்கும். முதல் பக்கத்திலேயே இவர் திணறிவிட்டார். எழுத்துகளை அடையாளம் காணும் அளவுக்கு வந்திருந்தவருக்கு, ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் வந்த ஓர் எழுத்து எந்த அட்டவணையிலும் இல்லை. என்னிடம் படத்தைக் காட்டினார். பார்த்ததும் புரிந்தது: பழைய ‘லை’. முன்னால் ஐகாரக் கொம்பு போடாமல், லகரத்தின் மேலேயே துதிக்கையாக வளைத்துச் சேர்த்து எழுதுவது. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலியவற்றின் பழைய வடிவங்கள் பாடப்புத்தகங்களிலிருந்து போயின. பாட்டியின் கை அதற்கு முன்பே பழகிய கை. காலை, மாலை, தலை, வேளை, இல்லை என்று நோட்டில் அடிக்கடி வரும் சொற்கள் எல்லாவற்றிலும் அந்த வளைவு இருந்தது.

‘இதுகூடத் தெரியவில்லையே’ என்று இவர் தொடங்கினார். புதிய எழுத்தில் மட்டும் படித்து வளர்ந்த, சரளமாகத் தமிழ் வாசிக்கும் பலரும் இதே எழுத்தில் ஒரு நொடி தயங்குவார்கள் என்று சொன்னேன். ஒரே வாரத்தில் பழைய வடிவங்களைப் பிடித்துவிட்டார். வரிகள் குறைவு, சொற்கள் அவையே, நாள்தோறும் அதே அமைப்பு, பொருள் முன்கூட்டியே பாதி தெரியும். தொடக்க நிலை வாசிப்புக்கு இதைவிடப் பொருத்தமான பாடத்தை நான் எழுதியிருக்க முடியாது. ஒவ்வொரு வாரமும் புதிய பக்கம் வேறு வரும்.

இடையில் வந்த தொய்வுகள்

எல்லாம் ஏறுமுகம் என்று சொல்ல முடியாது. ஜப்பானியத்தில் என்3 தேர்வு எழுதித் தவறியபோது சில வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அதற்கு மருந்து எளிதாக இருந்தது. தேர்வுப் புத்தகங்களை ஓரம் கட்டிவிட்டு, தனக்குப் பிடித்ததை மட்டும் படித்தார். ஆசையால் வந்த மொழிக்கு ஆசையைத்தான் மறுபடி கொடுக்க வேண்டும்.

ஜெர்மனில் வேறு வகை. பி2வைத் தாண்டிய பிறகு முன்னேற்றம் தெரியாத ஒரு நீண்ட சமவெளி வரும், எல்லா மொழியிலும் வரும். அதைப் பற்றி இவர் பெரிதாகக் கவலைப்படவில்லை, நானும் அங்கே எதையும் மாற்றவில்லை. வேலை நடந்தது, போதும்.

தமிழில் வந்த தொய்வு, பாட்டி சற்றுத் தேறிச் சந்திப்புகள் இடைவெளி விட்டபோது. நல்ல செய்திதான், ஆனால் வேலை குறைந்ததும் பேச்சும் குறைந்தது. தேவையை நம்பி நிற்கும் மொழிக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. இந்த முறை பழைய குற்றவுணர்ச்சி திரும்பாதபடி முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். நோட்டுப் படங்கள் வருவது நிற்க வேண்டாம் என்று மட்டும் பாட்டியிடம் கேட்கச் சொன்னேன். பாட்டி அதை நேராக எடுத்துக்கொண்டார். “மருந்து விஷயம் மட்டும் எதுக்கு எழுதணும்? அன்னன்னைக்கு நடந்ததை எழுதுறேன், நீ படிச்சுட்டு போன் பண்ணு” என்றார். மருத்துவக் குறிப்பு நாட்குறிப்பாக நீண்டது. புதிய சொற்கள் அதில்தான் வர ஆரம்பித்தன. புரியாத சொல்லைப் பாட்டியிடமே கேட்கிறார், பாட்டி தமிழிலேயே விளக்குகிறார். நடுவில் ஆங்கிலம் இல்லை. ‘ஆபர்’ வருவதும் இப்போது அரிது.

இப்போதைய நிலை

ஐந்து வரிசை அட்டவணையை மறுபடி நிரப்பினோம். கேட்டல் அதே இடத்தில். உரையாடல் ஏ2க்கு மேல், உடல்நலமும் அன்றாட வீட்டு விஷயமும் என்றால் பி1 என்றே சொல்வேன். வாசித்தல், பாட்டியின் கையெழுத்தில் தடையில்லை, அச்சில் வரும் செய்தித்தாள் கட்டுரை இன்னும் கடினம். எழுத்துத் தமிழின் சொற்களும் முடிவுகளும் அவருக்கு அந்நியமாகவே இருக்கின்றன. எழுதுதல் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, நோட்டுப் படத்துக்குப் பதிலாக இரண்டு வரி தட்டச்சு செய்து அனுப்புகிறார். பேசுவதைப் போலவே எழுதுகிறார். அதை நான் திருத்துவதில்லை.

‘தமிழில் உங்களை எப்படிக் கற்பனை செய்கிறீர்கள்?’ என்ற கேள்விக்குப் பதிலை மறுபடி எழுதச் சொன்னேன். ‘என் வயதுத் தமிழ்ப் பெண்’ என்ற வரி இந்த முறை இல்லை. பாட்டிக்காக மருத்துவரோடு வாதாடும் ஒரு காட்சி இருந்தது. பெரியப்பாவை அழைத்து நலம் விசாரிப்பதும் இருந்தது.

அந்த இரண்டாவதுதான் எங்கள் அடுத்த வேலை. அதற்கு ‘நீங்க’ வேண்டும், ‘வருவீங்களா’, ‘எப்படி இருக்கீங்க’ எல்லாம் வேண்டும். பாட்டியிடமிருந்து இவை கிடைக்காது. அம்மா தன் மாமியாரிடமும் பெரியவர்களிடமும் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவும், அம்மா சம்மதித்தால் பதிவு செய்யவும் சொல்லியிருக்கிறேன். பெரியப்பாவிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று இவர் கேட்டார். சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. கற்றுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேசுவார், பிழையைப் பிழையாக மட்டும் எடுத்துக்கொள்வார். ஜெர்மன் பேசும்போது இவருக்குக் கேட்காமலே கிடைத்த சலுகை அது, தமிழில் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பெரியப்பாவை அடுத்த மாதம் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை செய்தித்தாள் வாசிப்பைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.